கங்கைகொண்டானில் நிற்கும் மாஞ்சோலை பஸ்

அண்ணாச்சி,

காலையில் என்னுடைய முதல் வேலை, பஸ்ஸுக்கு டீசல் வாசனை ஏற்றுவது. சிரிக்காதீர்கள். ஒரு பழைய துணியை டீசலில் முக்கி, சொட்டாமல் பிழிந்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எஞ்சின் மூடியைத் தூக்கி உள்ளே வைத்துவிட வேண்டும். மூடிக்குக் கீழே எஞ்சின் கிடையாது. நாலு செங்கல்லும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியும்தான். பத்து மணிக்கு ஜனங்கள் ஏறும்போது, 'ஆகா, அந்தக் காலத்து பஸ் வாடை' என்று மூக்கை உறிஞ்ச வேண்டும், அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். இன்று துணியைப் பிழிந்த கையோடு படியில் உட்கார்ந்துவிட்டேன். விரலெல்லாம் அந்த வாடை. உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில், நீங்கள் டிரைவராகவும் நான் கண்டக்டராகவும் ஓடியிருக்கிறோம். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக்கொண்டதில்லை.

நான் எங்கே இருக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கங்கைகொண்டானைத் தாண்டி நாலுவழிச் சாலை ஓரத்தில் புதிதாக ஒரு பூங்கா திறந்திருக்கிறார்கள். பூங்கா என்றால் பூ இல்லை. பழைய காலத்துக் கப்பல், ரயில், கட்டடம் எல்லாவற்றையும் அசல் அளவிலேயே புதிதாகச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். முத்து ஏற்றிப்போன பாய்மரக் கப்பல் ஒன்று பொட்டல் காட்டில் நிற்கிறது. அடியில் சிமெண்டால் அலை செய்து நீல பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அந்த அலைமேல் உட்கார்ந்துதான் ஜனங்கள் கட்டுச்சோறு சாப்பிடுகிறார்கள். அப்புறம் ஒரு கரி எஞ்சின், கொஞ்சதூரத் தண்டவாளத்தோடு. ஒரு வெள்ளைக்காரன் காலத்து பங்களா. முன்பக்கம் மட்டும் பங்களா, பின்பக்கம் கழிப்பறை. அதற்கு அடுத்தது நம்முடைய மாஞ்சோலை பஸ்.

நம் அசல் பஸ் இனி ஓட லாயக்கில்லை என்று கண்டம் ஆகி, ஏலத்தில் போய், எடுத்தவன் அதை அறுத்து எடைக்குப் போட்டுவிட்டான். அது போன பிறகுதான் இவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருக்கிறது. கரூரில் பாடி கட்டி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். யாரோ சுற்றுலா வந்தவர்கள் எடுத்த பழைய போட்டோக்களை வைத்து ஆணி பிசகாமல் செய்திருக்கிறார்கள். ஜன்னல் தகரம் இருக்கிறது. 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' இருக்கிறது. இரண்டாவது சீட்டு ரெக்சினில் இருந்த கிழிசல்கூட இருக்கிறது, வேண்டுமென்றே கிழித்த கிழிசல். ஒரே ஒரு குறை, நகராது.

காக்கி போட்டு விசில் ஊத ஒரு அசல் கண்டக்டர் வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள். ஓய்வு பெற்று வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அறையில் தனியாகக் கிடந்த நான் அகப்பட்டேன். மகள் ஓசூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். மற்ற ஆறு நாளும் நான் வாயைத் திறக்க வேண்டுமென்றால் டீக்கடைக்குப் போய் 'ஒரு டீ' என்று சொன்னால்தான் உண்டு. கீழே ரோட்டில் விடிந்ததிலிருந்து பஸ் போகும். ஒவ்வொன்றுக்கும் உடம்பு எழுந்து எழுந்து உட்காரும். அதனால் கூப்பிட்டதும் சரி என்றுவிட்டேன்.

இப்போது ஒரு நாளைக்குப் பத்து தடவை, 'மணிமுத்தாறு, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து' என்று கத்துகிறேன். ஸ்பீக்கரில் எஞ்சின் சத்தம் ஓடும். சமவெளியில் போன ஏதோ வண்டியைப் பதிவு செய்திருக்கிறார்கள். 'கொண்டை ஊசி வளைவு வருது, கம்பியப் பிடிச்சுக்கோங்க' என்று நான் சொல்லும் நேரத்தில் அது டாப் கியரில் பறக்கிறது. உங்கள் காதில் விழுந்தால் காறித் துப்பியிருப்பீர்கள். மேலே தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளைக் காலி பண்ணிக்கொண்டு அத்தனை பேரும் கீழே இறங்கிவிட்டார்கள். ஆளில்லாத மலைக்கு நான் இங்கே ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

பதினோரு வருஷத்தில் உங்கள் முகத்தை நான் பார்த்தது கொஞ்சம், பிடரியைப் பார்த்ததுதான் அதிகம். என் இடம் பின்வாசலுக்கு எதிர்ப்பக்கம், கடைசி ஜன்னலோரம். அங்கே நின்று பார்த்தால் நாற்பது தலைக்கு அப்பால் உங்கள் பிடரி தெரியும். ஒட்ட வெட்டிய நரை, இரண்டு மடிப்பு, இடதுகாதுக்குக் கீழே ஒரு தழும்பு, தோளில் நாலாக மடித்த ஈரிழைத் துண்டு. மடிப்பில் வியர்வை தேங்கினால் வண்டி திணறுகிறது என்று அர்த்தம். கழுத்து விறைத்தால் எதிரே வருகிற ஜீப்காரன் பின்னால் எடுக்க மாட்டேன் என்கிறான். அதையெல்லாம் படிக்க எனக்குத் தெரியும். உங்கள் கண் எப்படி இருக்கும் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் பேசுகிற ஆளும் இல்லை. காலையில் 'வாரும்வே', இறங்கும்போது 'வரட்டாவே'. நாலுமுக்கில் டீ குடிக்க நிறுத்தினால்கூட பெஞ்சின் அந்த நுனியில் நீங்கள், இந்த நுனியில் நான். நடுவில் நமக்குள் பேச்செல்லாம் விசில்தான். அந்த ஆறாவது வளைவு ஞாபகம் இருக்கிறதா? வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. நான் இறங்கிப் பின்னால் நிற்க வேண்டும். சின்னச் சின்னதாக ஊதினால் வரலாம், நீளமாக ஊதினால் நிறுத்த வேண்டும். சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்கும். நீங்கள் ஒருநாளும் தலையை வெளியே நீட்டிப் பார்த்ததில்லை. என் விசிலை நம்பி அத்தனை உயிரையும் பின்னால் தள்ளிக்கொண்டு வருவீர்கள். ஒரு மழை நாளில் விசிலுக்குள் இருக்கும் உருண்டை ஒட்டிக்கொண்டு சத்தமே வரவில்லை. 'வரலாம் அண்ணாச்சி, வரலாம்' என்று தொண்டை கிழியக் கத்தினேன். வண்டி அசையவில்லை. விசிலை உதறித் துடைத்து ஊதிய பிறகுதான் அசைந்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் ஏன் என்று கேட்டேன்.

"உம்ம தொண்டைய எனக்குத் தெரியாதுவே. விசிலத்தான் தெரியும்" என்றீர்கள்.

அன்று அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். பின்னால் அதே வார்த்தை என்னைப் போட்டு அறுத்தது.

நீங்கள் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றுப் போனீர்கள். உங்கள் ஊர் வீரவநல்லூருக்கு முக்கால் மணி நேரப் பயணம். நீங்களும் கூப்பிடவில்லை, நானும் வரவில்லை. போன் போட்டால் என்ன பேசுவது என்றே தெரியவில்லை, அதுதான் நிஜம். பிறகு ஒரு நாள் டிப்போ ஆள் ஒருவர் சொல்லித்தான் நீங்கள் போய்விட்ட சேதி வந்தது. உடனே கிளம்பி வந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் உங்கள் முகத்தை முதன்முதலாக அவசரமில்லாமல் பார்த்தேன். கண் மூடியிருந்தது.

உங்கள் மகன் நாற்காலி கொண்டுவந்து போட்டான். நல்ல பிள்ளை. "நீங்க யாரு? அப்பாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான்.

"கூட வேல பாத்தவன் தம்பி. மாஞ்சோலை பஸ்ல கண்டக்டர். பதினோரு வருசம்."

அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். மதினி அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார்கள். "அவுக வேல சங்கதி ஒண்ணும் வீட்டுல பேசமாட்டாவ. பேரு கூட எங்களுக்குத் தெரியலயே. தப்பா நெனச்சுக்கிடாதிய" என்றார்கள்.

தப்பாகத்தான் நினைத்தேன், அண்ணாச்சி. பதினோரு வருஷத்தில் ஒருநாள், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது ஒரே ஒரு தடவை, என் பெயரைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா? என் வீட்டில் உங்களைத் தெரியாத ஆள் கிடையாது. என் மனைவி உயிரோடு இருந்தபோது, தெருமுனையில் ஏதாவது பஸ் ஆரன் அடித்தால் 'ஒங்க அண்ணாச்சி கூப்பிடுதாவ' என்று கேலி செய்வாள். நான்தான் இளித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். உங்களுக்கு நான் அந்த வண்டியில் கிடந்த ஸ்டெப்னி மாதிரி ஒரு சாமான், அவ்வளவுதான் என்று அன்றைக்குப் பட்டது. சுடுகாடு வரைக்கும் வராமலே பஸ் ஏறிவிட்டேன். பதினாறுக்கும் வரவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது: நான் உங்களுக்கு யார்? பதில் சொல்ல வேண்டிய ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று. வண்ணார்பேட்டை அறையில் அந்தக் கேள்வியோடுதான் குடியிருந்தேன்.

இந்தப் பூங்கா பஸ் வந்து இறங்கியபோது டிரைவர் சீட்டில் ஒரு பொம்மையை வைத்திருந்தார்கள். துணிக்கடையில் சட்டை மாட்டி நிறுத்துகிற பொம்மை. ரோஸ் உதடு, பூனைக்கண், பவுடர் போட்ட கன்னம். காக்கிச் சட்டை போட்டு, கையை ஸ்டியரிங்கில் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குக் காரில் ஏறியவன் வழிதவறி நம் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நான் ஒரு வேலை செய்தேன். பூங்கா திறக்கும் முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்து, அந்தப் பொம்மையின் முடியை ஒட்ட நறுக்கினேன். சுண்ணாம்பு தடவி நரைக்க வைத்தேன். குழாய் ஓட்டை அடைக்கிற பசையை வாங்கிப் பிடரியில் இரண்டு மடிப்பு வைத்தேன். இடதுகாதுக்குக் கீழே ஆணியால் ஒரு தழும்பு கீறினேன். என்னுடைய ஈரிழைத் துண்டு ஒன்றை நாலாக மடித்துத் தோளில் போட்டேன். பிறகு என் இடத்துக்குப் போய் நின்று பார்த்தேன். நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இவ்வளவு கோபம் இருந்தவன் ஏன்வே இதைச் செய்தீர் என்று கேட்பீர்கள். கோபப்படவாவது எதிரே ஒரு ஆள் வேண்டாமா? அன்றிலிருந்து, காலையில் டீசல் துணி வைக்கிற நேரம் தவிர, நான் வண்டியின் முன்பக்கம் போவதே இல்லை. மத்தியானச் சோற்றையும் கடைசி ஜன்னலோரம் உட்கார்ந்து, உங்கள் பிடரியைப் பார்த்துக்கொண்டே தின்பேன். சில நாள் திட்டுவேன். 'ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போயிருவிய?' என்று கேட்பேன். பொம்மை உங்களைப் போலவே பேசாமல் இருக்கும்.

போன மாதம் ஊத்து எஸ்டேட் பேச்சியம்மாள் வந்தாள். இலை பறிக்கிற கூட்டத்தில் வாயாடி, உங்களுக்குக்கூட நினைவிருக்கும். இப்போது கீழே குடியிருப்பில் வீடு கொடுத்திருக்கிறார்களாம். பின்வாசல் வழியாக ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாத்தே, டிரைவர் அண்ணாச்சில்லா இருக்காவ!"

"பொம்மை, பேச்சி" என்றேன். அவள் நம்பவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பைய நடந்து போய் முன்னால் எட்டிப் பார்த்தாள். ரோஸ் உதட்டைப் பார்த்ததும் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். அதற்குப் பிறகு நிஜமாகவே அழுதாள். மலையை நினைத்து அழுதாளோ, உங்களை நினைத்தோ. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"அவிய செத்தது எனக்குத் தெரியாதுல்லா. நீங்க போனியளா?"

"போனேன்."

"நீங்க ரெண்டு பேரும் பேசி நான் பாத்ததே இல்ல. எங்க லைன்ல எல்லாரும் சொல்லுவோம், டிரைவருக்கும் கண்டக்டருக்கும் என்னமோ சண்டைன்னு."

எனக்குச் சுருக்கென்றது. ஊரே பார்த்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வாரம் நிர்வாகப் பெண் என்னைக் கூப்பிட்டாள். பாளையங்கோட்டைப் பெண், சின்ன வயசு, கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள். "அண்ணாச்சி, அந்தப் பொம்மைய எடுத்துருவோம். வாரவங்க எல்லாரும் டிரைவர் சீட்டுல உக்காந்து போட்டோ எடுக்கத்தான் கேக்காங்க" என்றாள்.

"கப்பல்ல மாலுமி பொம்மை நிக்குதுல்லா? அத எடுக்கியளா?" என்றேன்.

"மாலுமி எடத்துல யாரும் உக்காரக் கேக்கலயே."

நான் குரலை உயர்த்திவிட்டேன். பஸ் என்றால் டிரைவர் இருக்க வேண்டும், கண்டவனும் உட்கார அது மரநாற்காலி இல்லை, பொம்மை போனால் நானும் போகிறேன் என்றெல்லாம் கத்தினேன். அவள் கோபப்படவில்லை. "அந்த டிரைவர் உங்களுக்குச் சொந்தமா அண்ணாச்சி?" என்றாள்.

"இல்ல."

"சிநேகிதரா?"

ஆமாம் என்று சொல்ல யார் எனக்கு உரிமை கொடுத்தது? எழுந்து வந்துவிட்டேன்.

முந்தாநாள் இரண்டு பேர் வந்து பொம்மையைத் தூக்கிப் போனார்கள். ஒரு கை ஸ்டியரிங்கிலேயே தங்கிவிட்டது. அதைத் திருப்புளியால் நெம்பி எடுத்தார்கள். என் துண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அறைக்குப் போய், வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று நாலு வரி எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன்.

நேற்றுக் காலை அதைக் கொடுக்கத்தான் வந்தேன். அவள் பஸ் பக்கத்திலேயே நின்றாள். நான் பையில் கை விடும் முன்னால், "ஸ்டியரிங் ஆடுதான்னு உக்காந்து பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. பிள்ளைங்க புடிச்சுத் தொங்கும்" என்று சொல்லிவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கண்டக்டர் டிரைவர் சீட்டில் உட்காருவது கிடையாது. உங்களுக்குத் தெரியாததா? ஊத்தில் ஒருதரம் வண்டி நின்றபோது விளையாட்டாக ஒரு காலை எடுத்து மேலே வைத்தேன். 'அது என் எடம்வே. உம்ம எடத்த நான் கேட்டேனா?' என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கையூன்றக்கூட எனக்கு மனம் வராது. நேற்றைக்கு ஏறினேன். என் தோல் பையை வழக்கம்போலப் பின்னால் கடைசி ஜன்னல் கொக்கியில் மாட்டிவிட்டு முன்னால் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கை ஆட்டினேன். கெட்டியாகத்தான் இருந்தது. இறங்கலாம் என்று தலையை நிமிர்த்தினேன்.

டிரைவர் தலைக்கு மேலே, வண்டிக்குள்ளே பார்க்கிற சின்னக் கண்ணாடி. அப்படி ஒன்று எல்லா பஸ்ஸிலும் உண்டு என்பது எனக்குத் தெரியாதா? படியில் ஆள் ஏறுகிறதா, தொங்குகிறதா என்று பார்க்க எல்லா டிரைவரும் அதைப் பின்வாசல் பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். இது அப்படி இல்லை. கரூர்க்காரன் கோணலாக மாட்டிவிட்டான் என்று திருப்பப் போனேன். போன கையை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் வாசல் தெரியவில்லை. படி தெரியவில்லை. சீட்டு ஒன்றுகூட முழுதாகத் தெரியவில்லை. கடைசி ஜன்னலோரம் மட்டும் தெரிந்தது. அங்கே என் பை தொங்கிக்கொண்டிருந்தது.

ஆபீசுக்குப் போய் அந்தப் பழைய போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நம் வண்டிதான், நம் கண்ணாடிதான். அது தானாகத் திரும்பியது இல்லை. கம்பி சுற்றி அந்தப் பக்கமே இழுத்துக் கட்டியிருந்தது. நான் நிற்கிற உயரத்துக்குக் கட்டியிருந்தது.

திரும்பி வந்து உங்கள் சீட்டிலேயே உட்கார்ந்தேன். என் மனைவியின் பதினாறு முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. டிக்கெட் எல்லாம் கொடுத்து முடித்து என் இடத்துக்கு வந்து நின்றேன். மூன்றாவது வளைவு திரும்பியதும் கீழே அணைத் தண்ணீர் தெரிந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன். பஸ்ஸில் யாரும் பார்க்கவில்லை, எல்லா முகமும் முன்னால் பார்த்துத்தானே இருக்கும். வண்டி ஓரமாக நின்றது.

"ரேடியேட்டர் கொதிக்குது. பத்து நிமிசம் ஆவும். எல்லாரும் எறங்கி நில்லுங்க" என்று நீங்கள் திரும்பாமலே உரக்கச் சொன்னீர்கள். அத்தனை பேரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். நீங்களும் இறங்கி, முன்பக்கத் தகரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றீர்கள். வண்டிக்குள் நான் மட்டும் இருந்தேன். வீட்டில் துக்கம் கேட்க வந்த கூட்டத்துக்கு நடுவில் அழ முடியாததை எல்லாம் அங்கே உட்கார்ந்து அழுது தீர்த்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கி வந்தபோது, 'ஏறலாமாவே?' என்று கேட்டீர்கள். அதையும் என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, ரேடியேட்டரைப் பார்த்துத்தான் கேட்டீர்கள். நல்லவேளை, அன்றைக்குப் பார்த்து வண்டி கொதித்தது என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு வரிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இன்று பத்து மணிக்குப் பிறகு உங்கள் சீட்டில் யார் யாரோ உட்காருவார்கள், உட்காரட்டும். அந்தக் கண்ணாடியை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அத்தனை வளைவிலும் ஒரு கண்ணை என்மேல் வைத்துக்கொண்டா வண்டி ஓட்டினீர்கள்? அன்றே தெரிந்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன்.

அன்று காலை மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியது நான்தான், அண்ணாச்சி. விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். மூன்றாவது வளைவுக்குள் அது கொதிக்காது.